மெத்தைகளுக்கு ஞானத்தகப்பன்

நிம்மதியான தூக்கத்தின் விலை எங்கள் நாட்டில் எண்பது பொலிவியானோ. வெந்நீரும் வேண்டுமென்றால் தொண்ணூறு. 'தூங்கும் கழுகு' விடுதிகளின் வாசலில் அப்படித்தான் எழுதிப் போட்டிருக்கிறார்கள். பல் கிட்டிக்கும் குளிரில் இருக்கும் ஒரூரோவிலும் அதே விலை, வியர்வை ஊற்றும் மொந்தேரோவிலும் அதே விலை. இரண்டிலும் ஒரே மஞ்சள் திரை. இருமல் மிட்டாய் அளவுக்கு ஒரே சோப்பு. கட்டிலுக்கு மேலே, கண்ணை மூடிய கழுகின் ஒரே படம். வித்தியாசம் என்னவென்றால், ஒரூரோவில் ஜன்னல் திறக்காது. மொந்தேரோவில் ஜன்னல் மூடாது.

நான் அலுமினியப் பானை வியாபாரி. லா பாஸ் சந்தையில் அப்பா பானை விற்றார். அம்மா பக்கத்துக் கடையில் அதே பானையை விற்றார். வீட்டுச் சமையலுக்கு ஒரு பானை வேண்டுமென்றால்கூட அம்மா அப்பாவிடம் பேரம் பேசித்தான் வாங்குவார். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு எதையாவது எதோடாவது ஒப்பிட்டுப் பார்க்காமல் சோறு இறங்காது. ஆகவே விடுதிகளின் முதலாளி தோன் அன்செல்மோ கொச்சபாம்பாவிலிருந்து போன் பண்ணியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

"ரெம்பெர்த்தோ, ஒரூரோ, மொந்தேரோ ரெண்டுல ஒண்ண மூடப் போறேன். ரெண்டும் சேந்து என் ரத்தத்த உறிஞ்சுது. ரெண்டுலயும் அதிகமா தங்குன ஆளு நீதான். ஒவ்வொண்ணுலயும் ஒரு ராத்திரி தங்கிட்டு, எத வெக்கலாம் எத மூடலாம்னு சொல்லு. நீ சொல்றதுதான் தீர்ப்பு."

"ரூம் வாடகை?"

"தீர்ப்பு சொல்லப் போறவன் வாடகையப் பத்திப் பேசுறியே, வெக்கமா இல்ல?"

"பேசாம விட்டாத்தான் எங்கப்பாவுக்கு வெக்கம்."

"சரி, ஓசி. காலை டிபன் உன் காசு."

போனை வைத்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. எங்கள் பக்கம் ஒரே விடுதியில் பத்துத் தடவை தங்கியவன் நடுநிலையாக இருக்கவே முடியாது. அதற்குள் அவனை எதற்காவது ஞானத்தகப்பன் ஆக்கியிருப்பார்கள். குழந்தைக்கு மட்டுமா ஞானத்தகப்பன்? கல்யாணத்தில் கேக்குக்கு ஒருவர், பாண்டு வாத்தியத்துக்கு ஒருவர், தெருக் கால்பந்து அணியின் காலுறைகளுக்கு ஒருவர். அந்தப் பொருளை நீங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டும். அதன் மேல் பீர் தெளித்து, வண்ணக் காகிதப் பொடி தூவி ஆசீர்வதிக்க வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவருக்கொருவர் உறவு: ஆண் என்றால் கும்பாதிரி, பெண் என்றால் கும்மாதிரி. சொந்த அண்ணன் தம்பிகூட வெட்டிக்கொள்ளலாம். கும்பாதிரியின் சோற்றில் மண் போட்டால் ஊர் காறித் துப்பும்.

ஒரூரோ விடுதியின் மெத்தைகளுக்கு நான் ஞானத்தகப்பன். மொந்தேரோ விடுதியின் மின்விசிறிகளுக்கும் நானேதான்.

முதலில் ஒரூரோ போனேன். மேலாளர் நிக்கோலாசா வரவேற்பு மேசைக்குப் பின்னால் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். மேசைக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறைதான் அவள் வீடு. விடுதியை மூடினால் வேலையோடு கூரையும் போகும். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"வாங்க கும்பாதிரி. தீர்ப்பு சொல்ல வந்திருக்கீங்களாமே."

"யாரு சொன்னது?"

"கறிக்கடைக்காரி சொன்னா, பஸ் கண்டக்டர் சொன்னான். எனக்குத்தான் கடைசியாத் தெரிஞ்சுது. எந்த ரூம் வேணும்? எந்த ரூமுக்குப் போனாலும் உங்க புள்ளதான் கட்டில்ல படுத்துக் கெடக்கு."

மெத்தையைச் சொல்கிறாள். அந்த மெத்தை ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குழி உண்டு. படுத்ததும் நாலு ஓரமும் எழும்பி நம்மை எட்டிப் பார்க்கும். மேலே மூன்று கம்பளிகள், ஒவ்வொன்றும் ஒரு முழு ஆட்டின் கனம். புரண்டு படுக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும். வெந்நீர் வந்தது, பொய் சொல்லக் கூடாது. குழாயை மூடும்போது கூடவே கைக்குக் கரண்டும் வந்தது.

காலையில் ஊதாச் சோளக் கஞ்சி, பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த சோமாசி. தம்ளர் காலியானதும் கேட்காமலே அரைத் தம்ளர் கொசுறு ஊற்றினாள்.

"எப்படித் தூங்குனீங்க?"

"குழிக்குள்ள."

"அப்படியே முதலாளிகிட்ட சொல்லுங்க. எந்தப் புண்ணியவான் குடுத்த மெத்தைன்னு அவரு கேப்பாரு. அப்ப அதையும் நீங்களே சொல்லிருங்க."

"மெரட்டுறீங்களா கும்மாதிரி?"

"கஞ்சி ஊத்துறேன்." அவள் சட்டியைக் கீழே வைத்தாள். "வெளையாட்டு போதும். இத மூடிட்டா நான் தங்கச்சி வீட்டுக்குத்தான் போகணும். அவ புருஷன் என்னைப் பாத்த ஒடனே கதவுக்குப் பின்னாடி நின்னு, எத்தன நாளைக்குன்னு கேக்குற ஆளு. இந்த வயசுல நான் அவன்கிட்ட நாள் சொல்ல மாட்டேன்."

நான் கஞ்சியைக் குடித்தேன்.

மொந்தேரோவில் மேலாளர் ரோமுலோ வலை ஊஞ்சலில் படுத்தபடியே என்னை வரவேற்றான். சாவி எடுக்கக் காலை நீட்டினான். கால் விரலில் மாட்டி எடுத்துக் கொடுத்தான்.

"வாய்யா மலைக்காரா! கோட்டக் கழட்டு மொதல்ல, பாக்குறவனுக்கு மூச்சு முட்டுது."

"ரூம்ல காத்து வருமா?"

"கும்பாதிரி குடுத்த விசிறியாச்சே, வராம இருக்குமா? ஆமா, எந்தக் கடையில வாங்குனீரு? சத்தத்த மட்டும் கட்டிக் குடுத்துட்டான், காத்த மறந்துட்டான்."

அவன் மிகைப்படுத்தவில்லை. விசிறியைப் போட்டால் கூரையில் ஹெலிகாப்டர் இறங்குகிறது, திரை அசைவதில்லை. கொசுக்கள் அதன் இறக்கையில் உட்கார்ந்து ராட்டினம் சுற்றின. ஆனால் மெத்தை சமமாக இருந்தது. அது வேறு யாரோ ஞானத்தகப்பன் கொடுத்தது. காலையில் மரவள்ளி மாவில் சுட்ட பாலாடைக்கட்டி ரொட்டி, தொட்டால் கை சுடும். அதைப் பிய்த்து வாயில் போட்டதும் எனக்கே தீர்ப்பு தெரிந்துவிட்டது. மயிரிழையில், ஒரு ரொட்டி வித்தியாசத்தில், மொந்தேரோதான் மேல்.

"ஒனக்குக் கவலையே இல்லையாய்யா?" என்று கேட்டேன்.

"எதுக்குக் கவல? இத மூட மாட்டாங்க. மூடினாலும் மச்சான்கிட்ட மாடு மேய்ப்பேன். மாடு ராத்திரி துண்டு கேக்காது, சோப்பு கேக்காது."

மூட மாட்டார்கள் என்று இவ்வளவு திடமாக எப்படிச் சொல்கிறான் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் வழி முழுக்க யோசித்தேன். உண்மையைச் சொன்னால் நிக்கோலாசா தங்கச்சி புருஷனின் கதவு முன்னால் நிற்பாள். பொய் சொன்னால் தோன் அன்செல்மோ ஒரு நாள் ஒரூரோவில் படுத்துப் பார்ப்பார். உண்மைக்கும் பொய்க்கும் நடுவில் ஒரு வியாபாரி நிற்க எப்போதும் இடம் உண்டு. கார்னிவல் செவ்வாய் வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு நாடு முழுக்க அவனவன் வீட்டுக்கும் கடைக்கும் லாரிக்கும் பீர் தெளிப்பான்.

முதலாளிக்குப் போன் பண்ணினேன். "தீர்ப்ப போன்ல சொன்னா நல்லா இருக்காது. செவ்வாக்கெழம ஒரூரோவுக்கு வாங்க, நேர்ல சொல்றேன்."

அடுத்த போன் நிக்கோலாசாவுக்கு. "கும்மாதிரி, கூரை ஒழுகுதா?"

"எந்தக் கூரைதான் ஒழுகல?"

"புதுத் தகரம் கடனுக்கு எடுங்க. யாரு பேருல கடன்னு கடைக்காரன் கேட்டா, செவ்வாக்கெழம சொல்றேன்னு சொல்லுங்க."

போனில் கேட்டது இருமலா சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை ஒரூரோவில் தோன் அன்செல்மோ காரிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்தார். எக்காளங்கள் முழங்கின. பெரிய மேளம் அவர் காதுக்குள்ளேயே அடித்தது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் தெருவில் நின்றார்கள். நிக்கோலாசா அவர் கழுத்தில் காகிதச் சுருள்களை மாலையாகப் போட்டு, வழுக்கைத் தலையில் கை நிறையக் காகிதப் பொடியைத் தேய்த்து, நுரை வழியும் கிளாசை அவர் கையில் திணித்துவிட்டாள்.

"முதலாளி, இந்த வீட்டுப் புதுக் கூரைக்கு நீங்கதான் ஞானத்தகப்பனா இருக்கணும்!"

"கூரையா? எந்தக் கூரை?"

எல்லோரும் மேலே பார்த்தார்கள். தகரம் வெயிலில் கண்ணைக் குத்தியது. மேளக்காரன் கம்பை ஓங்கியபடி காத்திருந்தான். இந்த நாளில், இத்தனை பேர் முன்னால், மாட்டேன் என்று சொன்ன மனிதன் இதுவரை பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் அவன் வருஷம் உருப்பட்டிருக்காது. தோன் அன்செல்மோ முதல் வாயைப் பூமித்தாய்க்குத் தரையில் ஊற்றினார், அடுத்ததைச் சுவரில் தெளித்தார், மிச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். கம்பு மேளத்தில் இறங்கியது. "கும்பாதிரி!" என்று நிக்கோலாசா அவரைக் கட்டிப்பிடித்தாள்.

அவர் என் கையைப் பிடித்து இழுத்துக் காரின் மறைவுக்குக் கொண்டுபோனார்.

"படுபாவி. சொந்த ஞானப்புள்ள தலைக்கு மேல நிக்குறப்ப இத நான் எப்படி மூடுவேன்?"

"அப்ப மொந்தேரோ..." என்று ஆரம்பித்தேன். ரோமுலோவின் சுடச்சுட ரொட்டி ஞாபகத்துக்கு வந்தது. 'மூடுங்க' என்று முடிக்க முடியவில்லை.

"மொந்தேரோவா? என் பொண்டாட்டி போன மாசம் வெயில் காயணும்னு அங்க போனா. அந்த ரோமுலோ பய அவள அங்கிருக்குற ஊஞ்சல் அத்தனைக்கும் ஞானத்தாய் ஆக்கிட்டான். அத மூடிட்டு நான் வீட்டுக்குப் போறதா?"

"அப்போ தீர்ப்பு?"

"தீர்ப்பு எப்பவோ முடிஞ்சுது. மூடுறது ஒரூரோதான். ஒன் வாயால அத சொல்ல வெச்சா, சாபம் ஒனக்கு, மிச்சம் எனக்குன்னு நெனச்சேன்."

இவர் இப்படிப்பட்டவர் என்று முன்பே தெரிந்திருந்தால் பானை வியாபாரத்தில் கூட்டாளி ஆக்கியிருப்பேன். அவர் தலையிலிருந்த காகிதப் பொடியைத் தட்டிவிட்டார். அது போகவில்லை.

"சரி, ரெண்டும் இருக்கட்டும். ஆனா இருக்குறதுன்னா ஒழுங்கா இருக்கணும். படுத்தவன் முதுக ஒடைக்கிற மெத்தையும், காத்து வராத விசிறியும் மாறணும். பழசு கெட்டா புதுசு யாரு குடுக்குறது வழக்கம், ரெம்பெர்த்தோ?"

"ஞானத்தகப்பன்," என்றேன், மிகவும் மெல்ல.

"சத்தமா!"

மேளக்காரனுக்குக்கூடக் கேட்டுவிட்டது. அவன் அதற்கும் ஒரு அடி அடித்தான்.

கூட்டம் கலைந்ததும் நடைபாதையில் உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டேன். வரவு: ஓசியில் இரண்டு இரவு, அரைத் தம்ளர் கஞ்சி, புதிதாக ஒரு கூரை போட்ட விடுதி, அதற்குள் இருந்துகொண்டு யாருக்கும் நாள் சொல்ல வேண்டாத ஒரு பெண். செலவு: ஒரூரோவுக்கு மெத்தைகள், மொந்தேரோவுக்கு விசிறிகள், இரண்டையும் ஆசீர்வதிக்கப் பீர். தோன் அன்செல்மோ தகரக் கடைக்குத் தர வேண்டியது: முழுவதும். ரோமுலோவுக்கு நான் தர வேண்டியது: பாதியில் விழுங்கிய அந்த ஒரு வாக்கியத்துக்கான மன்னிப்பு. அது மட்டும் இன்னும் பாக்கி.