இருபத்து நான்கு பாய், எழுபத்திரண்டு மூச்சு

உயிருள்ளவரை எந்த யோகா பாயிலும் முதுகை வைக்கமாட்டேன் என்று எழுத்துமூலமாக உலகுக்கு அறிவித்த முதல் மனிதன் நான். இதில் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. யாராவது ஒருவர் செய்தாகவேண்டிய வேலை. தகுதியான ஆள் கிடைக்காததால் என் தலையில் விழுந்தது. அறிவிப்பு வெளிவரவிருந்தது எங்கள் கல்லூரி நையாண்டி இதழில். அதன் ஆசிரியர் நான். அட்டை முதல் அட்டை வரை படிக்கும் வாசகரும், எனக்குத் தெரிந்தவரை, நான்தான்.

கட்டுரையின் தலைப்பு ‘பாய்த்துறை அமைச்சர்’. அமைச்சர் என்பது என் சித்தி.

சித்தி முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள். பதினான்கு வருஷத்துக்கு முன் ஒரு மழை நாளில் வண்டி கவிழ்ந்தது. உள்ளே இருந்த எல்லோரும் தேறிவிட்டார்கள், சித்தியின் கைகளைத் தவிர. எலும்பில் முறிவில்லை, நரம்பில் கோளாறில்லை. ஆனால் ஸ்டியரிங்கைப் பார்த்தால் போதும், பத்து விரலும் ஆட ஆரம்பித்துவிடும். டீ கிளாஸைக்கூட இரண்டு கையாலும் பிடிப்பாள். குன்றின்மேல் இருக்கும் யோகா இல்லத்துக்குப் பத்து நாள் போய்வருகிறேன் என்று கிளம்பியவள் இன்னும் வந்துசேரவில்லை.

“போய் அவளைக் கையோட கூட்டிட்டு வா,” என்றாள் அம்மா, எனக்கு விடுமுறை விட்ட மறுநாளே. “வண்டி ஓட்டிட்டு இருந்தவ, யார் யாருக்கோ பாய் விரிச்சுப் போட்டுட்டு இருக்கா. நீதான் வாய் கிழியப் பேசுவியே, அதை அங்க போய்ப் பேசு.”

மூன்று நாள் பேசினேன். சித்தி அசையவில்லை. ஆனால் கட்டுரைக்குச் சரக்கு குவிந்தது.

ஒவ்வொரு குழு வருவதற்கு முன்னும் கூடத்தில் பாய் விரிப்பது சித்தியின் வேலை. விரிப்பதோடு விட்டால் பரவாயில்லை. ஒரு பாயை விரிப்பாள். அதில் மல்லாந்து படுப்பாள். மூன்று மூச்சு விடுவாள். எழுந்து அடுத்த பாய்க்குப் போவாள். இருபத்து நான்கு பேர் வருகிறார்கள் என்றால் இருபத்து நான்கு தடவை.

“துணிக்கடையில போட்டுப் பாத்து வாங்குற மாதிரியா சித்தி?”

“அப்படித்தான்னு வச்சுக்கோயேன்.”

“எல்லாப் பாயும் ஒரே பாய்தானே?”

“படுத்துப் பாத்துட்டுச் சொல்லு.”

அங்கேதான் நான் அந்த வரலாற்று அறிவிப்பைச் செய்தேன். சித்தி சிரிக்கவுமில்லை, கோபித்துக்கொள்ளவுமில்லை. அடுத்த பாய்க்குப் போய்விட்டாள். ‘ஒரே காலையில் இருபத்து நான்கு முறை படுத்தும் ஒருமுறைகூடத் தூங்காத ஒரே உயிரினம்’ என்று எழுதிக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை, அட்டைப்படம் மட்டும்தான் பாக்கி.

அன்று வரவிருந்தது ஒரு மருத்துவமனைக் குழு. நர்ஸ்களும் ஆம்புலன்ஸ் ஊழியர்களுமாக இருபத்து நான்கு பேர். வருஷத்தில் ஒரே ஒரு முறை, மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைக்கும். அந்த மூன்று நாளையும் இங்கேதான் செலவழிப்பார்கள். பத்து மணிக்கு ரயில். போன வாரத்து மழையில் குன்றுப் பாதையின் ஒரு வளைவில் பாதி ரோடு சரிந்துவிட்டதால் வாடகை வண்டிக்காரர்கள் யாரும் மேலே வர மாட்டோம் என்றுவிட்டார்கள். இல்லத்தின் மஞ்சள் மினி பஸ் ஒன்றுதான் கதி.

அந்த பஸ்ஸின் டிரைவர் ஒன்பது வருஷமாக ஆட்களை ஏற்றி இறக்கியவர். பாய்ப் பக்கம் போனதே இல்லை.

“யோகா இல்லத்துல இருந்துக்கிட்டு ஒரு ஆசனம்கூடத் தெரியாதாண்ணே?” என்று கேட்டேன்.

“யாருக்குத் தெரியாது?” என்று பஸ்ஸின் முன் பம்பரில் ஏறி, ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்குமேல் கூப்பினார். அட்டைக்கு அருமையான படம். போனை நீட்டிக் குறிபார்த்தேன்.

“இன்னொரு காலை இன்னும் கொஞ்சம் தூக்குங்கண்ணே,” என்றேன்.

தூக்கினார். அடுத்த நொடி கீழே கிடந்தார். கணுக்கால் பந்துபோல வீங்கியது.

யோகா மாஸ்டர் ஓடிவந்தார், குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். “பிரேக்கை மிதிக்க முடியாது. எனக்கு சைக்கிள்தான் ஓட்டத் தெரியும்.” எனக்கு அதுவும் தெரியாது. மணி எட்டே முக்கால். கீழே இறங்கவே ஒரு மணி நேரம். மாஸ்டர் ரயிலில் இருந்தவர்களுக்கு போன் போட்டார். தலைமை நர்ஸின் குரல் வெளியே கேட்டது: “வண்டி இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க சார், மதிய ரயில்ல திரும்பிடுறோம். ஆனா அடுத்த லீவு அடுத்த வருஷம்தான்.”

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சித்தியை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கை நிறையப் பாய்ச் சுருள்களோடு நின்றிருந்தாள்.

“பிடி,” என்று அவ்வளவையும் என் கையில் திணித்துவிட்டு அறைக்குப் போனாள். ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். அதற்குள்ளிருந்து லைசென்ஸ் வெளியே வந்தது. போன மாதம் புதுப்பித்தது.

“இதை எதுக்கு சித்தி புதுப்பிச்ச?”

“தெரியலடா. காலாவதி ஆக விட மனசு வரல.”

டிரைவர் தரையில் உட்கார்ந்தபடியே சாவியை நீட்டினார். “அக்கா, ரெண்டாவது கியர் கொஞ்சம் அடம் பிடிக்கும்.”

“மூணு நாளா ஒருத்தன் பிடிக்கிறான், சமாளிக்கலையா?” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

ஸ்டியரிங்கில் கை வைத்ததும் தொடங்கியது. கண்ணாடிக்கு வெளியே நின்ற எனக்கே சாவிக்கொத்து கிலுகிலுத்தது கேட்டது. பத்து விரலும் பத்துத் திசையில் ஆடின. சித்தி கண்ணை மூடினாள். ஒரு மூச்சு. இரண்டு. மூன்று. விரல்கள் நிற்கவில்லை.

இறங்கிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். இறங்கிவிடாதே சித்தி என்று என் தொண்டைக்குள் யாரோ கெஞ்சினார்கள். யார் என்று விசாரித்தால் நான்தான்.

மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். அதற்கப்புறம் இன்னொரு தடவை. வகுப்பில் ஆசிரியர் நுழைந்ததும் பெஞ்சு பெஞ்சாகப் பேச்சு அடங்குமே, அதுபோல விரல் விரலாக அடங்கியது. எஞ்சின் உறுமியது.

ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். “டேய், பன்னெண்டு மணிக்குள்ள பாய் விரிச்சிடு.”

“எப்படி சித்தி விரிக்கிறது?”

“அதான் எழுதி வச்சிருக்கியே, அதைப் பாரு.”

எப்போது படித்தாள் என்று கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

நாங்கள் மதில்பக்கம் ஓடினோம். டிரைவர் ஒற்றைக் காலில் குதித்தே வந்தார். இப்போது எடுத்திருந்தால் இன்னும் நல்ல படம். கீழே ஏழு வளைவுகள். மஞ்சள் ஒவ்வொன்றிலும் தெரிந்து மறைந்தது. முதல் வளைவில் இரண்டாவது கியர் அலறியது, பிறகு அடங்கியது. மூன்று. நான்கு. ஐந்து.

“அடுத்ததுலதான் பாதி ரோடு இல்ல,” என்றார் டிரைவர்.

மஞ்சள் மறைந்தது. மாஸ்டர், ஆயிரம் பேருக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தவர், மூச்சையே மறந்து நின்றார். பிறகு மரங்களுக்கு நடுவே மஞ்சள் துண்டு ஒன்று எட்டிப்பார்த்தது. டிரைவர் நாக்கை மடித்து ஒரு விசில் அடித்தார். நானும் அடிக்கப் பார்த்தேன், வெறும் காற்று வந்தது.

கூடத்தில் கயிறு பிடித்து, வரிசைக்குப் பன்னிரண்டாக, ஒரு நூல் பிசகாமல் இருபத்து நான்கையும் விரித்தேன். ஐஸ் வாளிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்த டிரைவர், “அழகா இருக்கு தம்பி, போட்டோவுக்கு,” என்றார்.

அம்மா போனில் வந்தாள். “என்னடா, கிளம்பிட்டாளா?”

“கிளம்பிட்டாம்மா. பஸ்ஸை எடுத்துக்கிட்டு.”

“யாரு ஓட்டுறா?”

“சித்திதான்.”

“கை?” என்று மட்டும் கேட்டாள்.

“போகும்போது ஆடலம்மா.”

போனை வைத்துவிட்டாள். கூட்டிவரச் சொன்ன பேச்சையே எடுக்கவில்லை.

நான் பாக்கெட்டிலிருந்து கட்டுரையை எடுத்தேன். அதில் செய்முறை கச்சிதமாக இருந்தது. கேலி செய்தவன் நுணுக்கமானவன். சுற்றும்முற்றும் பார்த்தேன். ஆய்வுக்காக மட்டும் என்று டிரைவரிடம் தெளிவுபடுத்திவிட்டு முதல் பாயில் படுத்தேன்.

மேல் ஜன்னலிலிருந்து வெயில் நேராகக் கண்ணுக்குள் இறங்கியது. நிற்கும்போது தெரியவே இல்லை. எழுந்து பாயை ஓரடி நகர்த்தினேன். இரண்டாவதில் தரைக்கல் ஒன்றின் விளிம்பு தோளில் குத்தியது. ஐந்தாவதில், மூக்குக்கு நேர்மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டு சுற்றியது. வருஷம் பூரா ராத்திரி டியூட்டி பார்த்தவர் அதைப் பார்த்துக்கொண்டே எப்படிக் கண்ணை மூடுவார்? நகர்த்தினேன். ஒன்றை நகர்த்தினால் பக்கத்துப் பாயையும் நகர்த்தவேண்டியிருந்தது. என் நேர்வரிசை சந்தி சிரித்தது.

“அக்கா வந்த புதுசுல பாயை விரிக்கவே முடியாதாம்,” என்றார் டிரைவர், வாளியைப் பார்த்துக்கொண்டே. “மாஸ்டர் சொல்லுவாரு. கை ஆட்டத்துல பாய் தானே சுருட்டிக்குமாம். அதனால அது மேலேயே படுத்துக்குவாங்களாம், ஆட்டம் நிக்கிற வரைக்கும்.”

“இப்பதான் பாய் விரிக்கும்போது கை ஆடுறதில்லையே, அப்புறமும் ஏன் படுக்கிறாங்க?”

“நானும் கேட்டேன். வர்றவங்க எதைப் பாத்துக்கிட்டுப் படுக்கப்போறாங்கன்னு நமக்குத் தெரிய வேணாமா அப்படின்னாங்க.”

பதினொன்று பத்துக்கு அவர் போன் ஒலித்தது. “இருபத்து நாலு பேரும் ஏறி, பாதி தூரம் வந்தாச்சாம்.” எனக்குப் பன்னிரண்டு பாய்தான் முடிந்திருந்தது. ஓடினேன், விழுந்தேன், எழுந்தேன். மூச்சை மட்டும் அவசரப்படுத்த முடியவில்லை. ஒரு பாயில் குறைத்துப் பார்த்தேன்.

“தம்பி, அது ரெண்டுதான்,” என்றார் டிரைவர்.

திரும்பிப் போய்ப் படுத்தேன்.

கடைசிப் பாய்க்குப் போனபோது கீழ் வளைவில் இரண்டாவது கியரின் அலறல் கேட்டது. டிரைவர் வாளியை உதைத்துவிட்டு நொண்டி நொண்டி வெளியே ஓடினார். நான் படுத்தேன். இடுப்பில் ஏதோ குத்தியது, கட்டுரை. எடுத்து எறிந்தேன். ஒரு மூச்சு. வாசலில் பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது, பெட்டிகளும் சிரிப்பும் இறங்கின. இரண்டு. பெண் குரல் ஒன்று சித்தியை ஆம்புலன்ஸ் காலத்துப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டது. சித்தி பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். காலடிகள் கூடத்தின் வாசலுக்கு வந்து நின்றுவிட்டன.

எழுந்திருக்கலாம்தான். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதை மெதுவாக உள்ளே இழுத்தேன்.