தோகை வளரும் மாதம்

ஒவ்வோர் ஆவணியிலும் தென்னந்தோப்பில் உதிரும் மயில் தோகைகளில் நீளமான ஒன்றை மயிலாத்தாள் எடுத்து வைப்பாள். காம்பில் பனியன் நாடா கட்டி அதில் ஆண்டை எழுதுவாள். பூஜை அறையில், முருகன் படத்துக்குப் பின்னால், 2006 முதல் 2024 வரை பத்தொன்பது தோகைகள் இருந்தன.

ஆடியில் கோயமுத்தூரிலிருந்து இந்துமதி வந்தாள். ஆராய்ச்சி மாணவி.

"காம்புல நகத்தளவு வெட்டிக்கறேனுங்க. மயில் குடிச்ச தண்ணி அதுல தெரியும்."

"மயில் என்னத்தைச் சொல்லிடப் போவுது?" என்றான் மயிலாத்தாளின் கணவன் தனபால்.

"சாமி வாகனமுங்க. பொய் சொல்லாது," என்றாள் மயிலாத்தாள். "நாளைக்கு வா கண்ணு."

அன்று மாலை மனைவி கோயிலுக்குப் போனதும் தனபால் 2022ஐ உருவி, பீரோவில் சட்டைகளுக்கு அடியில் வைத்தான்.

2022 ஐப்பசியில் மழை நிற்கவில்லை. தோப்புக்குப் பின்னால் அவனுடைய சாயப்பட்டறை. கழிவுத் தொட்டி நிரம்பிவிட்டது. நான்கு நாள் குழாயை ஓடையில் திறந்துவிட்டார்கள். மழைத்தண்ணீர் எல்லாவற்றையும் கொண்டுபோனது. அவனுக்கும் டையிங் மாஸ்டர் அந்தோணிராஜுக்கும் மட்டுமே தெரியும்.

மறுநாள் இந்துமதி வரிசையாக அடுக்கினாள்.

"2022 இல்லீங்களே."

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்," என்றான்.

மயிலாத்தாள் அவனைப் பார்த்தாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் இந்துமதி திரும்ப வந்தாள். சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விரித்தாள். அதில் ஒரே கோடு, ஒவ்வொரு தோகையிலும் இருந்த சாயக்கழிவின் அளவு. 2006லிருந்து ஏறியது. சாயப்பட்டறைகளைக் கோர்ட் மூடிய பிறகு இறங்கியது. அப்புறம் தரையோடு தரையாகப் போனது.

"ஆத்துல என்ன நடந்துச்சோ அத்தனையும் இருக்குதுங்க," என்றாள். அவள் குரல் தாழ்ந்திருந்தது.

ஓரிடத்தில் மட்டும் கோடு ஊசிபோல் நிமிர்ந்திருந்தது. 2023.

"அந்த வருஷம் நாங்க ஒரு சொட்டு வெளிய உடலீங்க," என்றான் தனபால். அது உண்மை. அதனால் உரக்கச் சொன்னான்.

"ஆவணியில உதிர்ற தோகை அந்த வருஷம் வளந்ததில்லீங்க. முந்தின ஐப்பசி, கார்த்திகையில வளந்தது. வளர்றப்ப காம்புக்குள்ள ரத்தம் ஓடும். குடிச்ச தண்ணியில என்ன இருந்துச்சோ அது அங்கே தங்கிடும். காம்பு காஞ்சுட்டா அப்படியே நின்னுடும்." தாளில் விரல் வைத்தாள். "இது 2022 ஐப்பசிங்க."

தனபால் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தான்.

"எலி வருசம் பாத்துத்தான் எடுத்திருக்குதாட்ட இருக்குது," என்றாள் மயிலாத்தாள். "அதுலயும் தப்புப் பண்ணிப்போடுச்சு."

தனபாலின் போன் அடித்தது. அந்தோணிராஜ்.

"மொதலாளி, டேங்க் தளும்புது. மழை வுடுற மாதிரி தெரியல. அன்னைக்கி மாதிரி தொறந்து வுட்ருவமா?"

"இரு."

பின்வாசலுக்கு வந்தான். ஓடைக்கரையில் ஒரு மயில் நின்றிருந்தது. தோகை இல்லை. முதுகின் முடிவில் முழநீளம்கூட இல்லாத புதுக்குருத்துகள், ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன. மயில் கழுத்தைத் தாழ்த்திக் குடித்தது. தலையை வானத்துக்கு உயர்த்தி விழுங்கியது. மறுபடி குடித்தது.

இருபது வருடமாகத் தினமும் பார்க்கிற பறவை. அவன் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் காலைத் தண்ணீர் இப்போது அந்தக் குருத்துகளுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. இன்று, இந்த நிமிடம். அவன் கைகள் தானாகக் கூப்பப் போயின. போன் தடுத்தது.

"மொதலாளி?"

"மெசின் எல்லாத்தையும் நிறுத்து."

"நாளைக்கி லோடு ஏத்தணுமே, மொதலாளி."

"போவட்டும். நிறுத்து, அந்தோணி. குழாயைத் தொடாதே."

உள்ளே போய் பீரோவைத் திறந்தான். 2022ஐ எடுத்துவந்து மேசையில் வைத்தான். மயிலாத்தாள் நாடாவில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தாள். தோகையை நீவிவிட்டாள்.

இந்துமதி காம்பில் நகத்தளவு வெட்டினாள்.

"இது 2021 ஐப்பசியில வளந்தது. சுத்தமாத்தான் இருக்குமுங்க," என்றாள்.

"தெரியுதுங்க." அவன் வெளியே பார்த்தான். மயில் இன்னும் அங்கேயே நின்றது. "அடுத்த ஆவணிக்கு வாங்க."