குஞ்சுக்குக் கலந்த பொடி

வாருங்கள் கண்ணுகளா, மடியில் பிள்ளை வைத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் முன்னால் வாருங்கள். இந்தக் கதை உங்களுக்குத்தான்.

ஒரு கோழிப்பண்ணைக்காரர். காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும், நோய் இருக்கிறதோ இல்லையோ, குஞ்சுகள் குடிக்கும் தண்ணீரில் மருந்துப் பொடியைக் கலக்கிவிடுவார். தன் கைக்குழந்தைக்கு வயிறு போனபோதெல்லாம், மனைவிக்குத் தெரியாமல் அதில் ஒரு சிட்டிகை பாலில் போட்டார். குஞ்சுக்குக் கேட்பது குழந்தைக்குக் கேட்காதா என்ற நினைப்பு.

இப்போது அந்தக் குழந்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் அனலாய்க் கொதிக்கிறது. கண் திறக்கவில்லை.

"கிருமி ரத்தத்துல கலந்திருக்கு. குடுக்குற மருந்து கேக்கல," என்றார் டாக்டரம்மா. "வீட்ல ஏதாவது குடுத்தீங்களா?"

"ஒரு சொட்டுகூட இல்லீங்க," என்றாள் மனைவி.

"எங்க மச்சான் தும்மினாக்கூட மாத்திரை வாங்க மாட்டாரு டாக்டர், அவ்வளவு கஞ்சம்!" என்றான் அவள் தம்பி.

பண்ணைக்காரர் மனைவியைப் பார்த்தார். சொன்னால் இவள் முகத்தில் எப்படி விழிப்பது? குழந்தை மூச்சை இழுத்து முனகியது.

"நான் குடுத்தேன். குஞ்சுக்குக் கலக்குற பொடி."

"அட பாவி மனுஷா! புள்ளைய என்ன கோழின்னு நெனச்சியா?" என்று கத்தினாள் மனைவி.

"அம்மா, பொறுங்க. என்ன பொடி? பேரைச் சொல்லுங்க!" என்றார் டாக்டரம்மா.

சொன்னார். டாக்டரம்மா நர்ஸிடம் திரும்பினார். "நாம குடுக்குறதும் அதே வகை மருந்துதான், கிருமி அதுக்குப் பழகிடுச்சு. அதை உடனே நிறுத்துங்க. வேற மாத்துறோம். ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க நேரமில்ல."

சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. குழந்தை பாலுக்கு அழுதது. மனைவி பால் கொடுத்து முடித்து, பிள்ளையை அவர் கையில் வைத்தாள்.

"முழுசா நிம்மதியாகிடாதீங்க," என்றார் டாக்டரம்மா. "குழந்தை வயித்துல நல்ல கிருமிங்க இப்பதான் குடியேறுது. தேவையில்லாத மருந்து அதுங்களைக் கொன்னுடும். தப்பிக்கிற கெட்ட கிருமி, மருந்தை ஜெயிக்கிற வித்தைய தன் மரபணுவுல வச்சு பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துடும். அந்தக் கிருமி இன்னும் குழந்தை வயித்துல இருக்கு."

பண்ணைக்காரர் பிள்ளையை மார்போடு அணைத்தார். "தெரியாம குடுக்குற மருந்து, உசுரு போற நேரத்துல கைவிட்டுடும்னு இப்பதான் புரியுது. டாக்டர் சொல்லாம இனி புள்ளைக்கும் குடுக்க மாட்டேன், குஞ்சுக்கும் கலக்க மாட்டேன்."

உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் வயிறு குளிர்ந்திருக்கட்டும், கண்ணுகளா. அவர்களுக்கு மருந்தே தேவைப்படாமல் போகட்டும். தேவைப்படும் நாளில் அது தவறாமல் கேட்கட்டும்.