பதினான்காம் எண் பேட்டி

அந்த ஆய்வு மையத்தின் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கையில் இருக்கும் டீ ஆறிவிடும். உயர்கல்வித் தலைமை, கொள்கை, அவற்றின் சவால்கள் என்று பலகையில் மூன்று வரிக்கு ஓடும். பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் அது 'சவால் ஆபீஸ்'. கல்லூரிகளை நடத்துகிறவர்கள் படும் பாட்டை ஆராய்வது அங்கே வேலை. இந்த வருஷத்துக் கேள்வி இதுதான்: பதவிக்காலம் முடிந்த பிறகும் பிரின்சிபால்கள் ஏன் நாற்காலியை விடமாட்டேன் என்கிறார்கள்?

இருபத்திரண்டு பிரின்சிபால்களிடம் பேட்டி எடுத்திருந்தார்கள். ஒலிப்பதிவை அப்படியே எழுத்தாக்கி, பெயர்களை நீக்கி, ஆளுக்கொரு எண் போட்டு, கத்திரி மேடத்தின் மேசைக்கு அனுப்புவார்கள். அந்தப் பட்டப்பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை. ஊரே கம்ப்யூட்டரில் செய்கிற வேலையை இந்த அம்மாள் கத்திரிக்கோலால் செய்வார். பேட்டியை அச்செடுத்து, பத்தி பத்தியாக வெட்டி, 'கடமை', 'கௌரவம்', 'அடுத்து ஆளில்லை', 'பழக்கதோஷம்' என்று எழுதிய உறைகளில் போடுவார். எந்தப் பத்தி எந்தக் காரணத்தைச் சொல்கிறது என்பதில் அவர் கணக்குத் தப்பியதே இல்லை.

கத்திரி மேடத்தின் வீட்டுக்காரரும் ஒரு பிரின்சிபால்தான். ரயிலேறினால் பதினோரு மணி நேரம் தள்ளியிருக்கும் ஊரில், ஒன்பது வருஷமாக. மாதத்தில் ஒரு சனிக்கிழமை வருவார், ஞாயிறு மாலை பெட்டியைத் தூக்கிவிடுவார். அவருடைய பதவிக்காலம் வருகிற ஜூனோடு முடிகிறது. 'இவங்க என்னை விடமாட்டாங்க போலிருக்கு' என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வீட்டோடு வந்துவிடுவாரா, மாட்டாரா? கத்திரி மேடத்தின் மனசில் ஆறு மாதமாக வேறு எதுவும் ஓடவில்லை. அலமாரியில் பாதியைக் காலி செய்து வைத்தாயிற்று. ஜன்னலோரம் அவருக்கென்று ஒரு மேசைகூட வாங்கிப் போட்டாயிற்று. ஆனால் வாயைத் திறந்து கேட்டாரா? அதுதான் கிடையாது. கேட்டு வரவழைத்தால் அதற்குப் பெயர் வரவா, தானாக வரட்டும் என்று ஒரு வீம்பு. வீம்பு என்று சொன்னால் நம்மிடம் சண்டைக்கு வருவார். "அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாதுல்ல" என்பார். மகள் வேலைக்கென்று வேறு ஊர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மாலையில் பூட்டைத் திறக்கும்போது உள்ளே யாராவது ஒரு இருமலாவது இரும மாட்டார்களா என்று ஏக்கமாக இருக்கும்.

மையத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. பேட்டி கொடுத்தவர் யார் என்று தெரிந்துவிட்டால், தெரிந்த வரியிலேயே காகிதத்தை மூடி இயக்குநரிடம் கொடுத்துவிட வேண்டும். கத்திரி மேடமும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். வீட்டுக்காரர் பேட்டி கொடுத்தது அவருக்குத் தெரியும். அது பதினாறாம் எண், பக்கத்து அறையில் இதே வேலை பார்ப்பவரிடம் போகும் என்று முதலிலேயே பேசி வைத்திருந்தார்கள். நடுவில் இரண்டு பிரின்சிபால்கள், "எங்க பேட்டியை எடுத்துடுங்க" என்று பின்வாங்கினார்கள். பேட்டி எடுக்கும் சக ஊழியர், 'டேப்பு' என்று அழைக்கப்படும் அந்தப் புண்ணியவான், மிச்சப் பேட்டிகளுக்கு வரிசையாகப் புது எண் போட்டார். பதினாறு பதினான்காகிவிட்டது. யாருக்கு எது போக வேண்டும் என்ற பட்டியலை மாற்ற மட்டும் மறந்துபோனார்.

செவ்வாய்க்கிழமை முற்பகல், கத்திரி மேடம் பதினான்காம் எண் பேட்டியில் இரண்டு பத்திகளை வெட்டி 'கடமை' உறையில் போட்டுவிட்டார். மூன்றாவது பத்தி, "அது ஒரு பக்கம் கிடக்கட்டும்" என்று ஆரம்பித்தது. அதற்குப் பக்கத்திலேயே, '(தொண்டையைச் செருமுகிறார்)' என்ற குறிப்பு. கத்திரிக்கோல் நின்றுவிட்டது. இருபத்தாறு வருஷமாகக் கேட்ட செருமல் அது. மனசில் இருப்பதைச் சொல்வதற்கு முன்னால் அந்த மனிதர் அப்படித்தான் செருமுவார்.

மூட வேண்டும் என்று தெரியும். மூடவில்லை.

'பதவி நீட்டிப்பு வேணும்னு நானாத்தான் கேட்டேன். இவங்க என்னை விடமாட்டேங்கறாங்கன்னு வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன். அது பொய். இங்க ஒரு நாளைக்கு நூறு பேர் என்னைத் தேடறாங்க. அங்க போனா யாருக்கு நான் வேணும்? [மனைவி] எல்லாத்தையும் தனியாவே பாத்துக்கப் பழகிட்டா. கெட்டிக்காரி. ஒன்பது வருஷத்துல ஒரு தடவைகூட, வந்துடுங்கன்னு சொன்னதில்ல. (நான்கு நொடி மௌனம்) சொல்லியிருந்தா அன்னைக்கே கிளம்பியிருப்பேன்.'

'நீங்க அவங்களைக் கூப்பிட்டிருக்கலாமே?' என்று டேப்பு கேட்டிருந்தார்.

'அவளுக்கு அங்க வேலை இருக்கு. எந்த வாயால கூப்பிடறது? (ஆறு நொடி மௌனம்) சாப்பிடற மேசையில எதிர் நாற்காலி மேல ஃபைலை அடுக்கி வெச்சிருக்கேன். அது காலியா இருந்தா சோறு இறங்க மாட்டேங்குது.'

கத்திரி மேடம் அதை மூன்று முறை படித்தார். 'கெட்டிக்காரியாம்' என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அழுகை வந்தது. சதுர அடைப்புக்குள் மாட்டிக்கொண்டிருந்த [மனைவி] என்ற சொல்லை விரலால் தடவிப் பார்த்தார். இதை எந்த உறையில் போடுவது?

கதவைத் தள்ளிக்கொண்டு டேப்பு ஓடி வந்தார். "மேடம், பதினாலு உங்ககிட்ட வந்துச்சா? அது பழைய பதினாறு. இப்பத்தான் பார்த்தேன்."

"வந்துச்சு."

"படிச்சிட்டீங்களா?"

"மூடணும்னு தெரியும். கை வரலை."

டேப்பு தலையில் கைவைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். "என் தப்பு மேடம். சார் என்கிட்ட மூணு தடவை கேட்டார், இது அவ கைக்குப் போகாதில்லன்னு. போகாதுன்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னேன்."

போதாததற்கு இது வேறு. இப்போது கூப்பிட்டால், படித்துவிட்டுக் கூப்பிடுகிறாள் என்றாகிவிடும். ஒன்பது வருஷம் அந்த மனிதர் காத்திருந்த ஒரு சொல், எழுதிக்கொடுத்துச் சொன்னது மாதிரி ஆகிவிடும். கூப்பிடாமல் விட்டாலோ, ஜூன் வரும், போகும், அவர் அங்கேயே இருப்பார். கத்திரி மேடம் ஐந்து நிமிஷம் யோசித்தார். வீம்பு பார்த்தது போதும் என்று காகிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய், போனை எடுத்தார்.

"சொல்லு" என்றார் வீட்டுக்காரர். "மீட்டிங்ல இருக்கேன். அவசரமா?"

"அவசரந்தான். வீட்டுக்கு வந்துடுங்க."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. மொத்தமா வந்துடுங்க. நீங்க இல்லாம என்னால முடியல."

 அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது, ஒரு கதவு சாத்திக்கொண்டது. தொழில் புத்தி யாரை விட்டது, கத்திரி மேடம் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பது ஆயிற்று.

"படிச்சியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். டேப்பும் காட்டிக்கொடுக்கப் போவதில்லை.

"படிச்சேன். எண் மாறி என் மேசைக்கு வந்துடுச்சு. நீங்கதான்னு தெரிஞ்சும் படிச்சேன். அது என் தப்பு, இயக்குநர்கிட்ட நானே சொல்லிடறேன்."

"அப்ப படிச்சிட்டுத்தான் கூப்பிடறே."

"ஆமா. படிக்கலைன்னா இந்த ஜென்மத்துல கூப்பிட்டிருக்க மாட்டேன். எனக்கு அவ்வளவு வீம்பு. ஆனா ஆசை இன்னைக்குப் படிச்சு வந்ததில்ல. அது ஒன்பது வருஷமா இருக்கு. உங்களுக்கு மேசைகூட வாங்கிப் போட்டிருக்கேன்."

வீட்டுக்காரர் செருமினார். "போன புதன்கிழமை கையெழுத்துப் போட்டுட்டேன்மா. இன்னும் ரெண்டு வருஷம். பாதியில விட்டுட்டு வந்தா இங்க பசங்க பாடு திண்டாட்டமாயிடும்."

கத்திரி மேடம் படியில் உட்கார்ந்துவிட்டார். ஆறு நாள். ஆறே நாள் முன்னால் வாயைத் திறந்திருந்தால் போதும்.  கீழே மாணவர்கள் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு போனார்கள். மடியில் கிடந்த காகிதத்தில், 'எந்த வாயால கூப்பிடறது' என்ற வரி கண்ணில் பட்டது. அவர் வர வேண்டும், அவர் வர வேண்டும் என்று ஏங்கிக் கிடந்த மனசில், தானும் ஒரு ரயில் ஏறலாம் என்ற நினைப்பு ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. மகள் இருந்தவரை சரி. மகள் போய் இரண்டு வருஷம் எதைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

"நான் வரட்டுமா?" என்றார்.

"உன் வேலை?"

"காகிதத்தை வெட்டறதுதானே. எங்க உட்கார்ந்தும் வெட்டலாம். முடியாதுன்னா லீவு போடறேன்."

"இங்க ஒரே ரூம்தான். தண்ணி ஒரு வேளைதான் வரும். ஜன்னல் வேற சரியா சாத்தாது."

"நான் அதைக் கேக்கலை. உங்க வாயால வான்னு சொன்னா வரேன். சொல்லலைன்னா வரமாட்டேன். எனக்கும் அதைக் கேக்கணும்."

இந்த முறை கத்திரி மேடம் நொடிகளை எண்ணவில்லை. யாரோ அங்கே கதவைத் தட்டி, "சார், எல்லாரும் காத்திருக்காங்க" என்றார்கள். "இருக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர்.

பிறகு, "வா" என்றார். 

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் கத்திரி மேடம்.