பஸ் ஸ்டாண்டு முனியப்பன்

ஊஞ்சப்பாளையம் பேருந்து நிலையத்தில் முனியப்பன் வந்து குடியேறியதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஊரார் ஆளுக்குக் கொஞ்சம் பக்தி காட்டினார்கள், அவ்வளவுதான்.

திருச்செங்கோட்டுக்கும் சேலத்துக்கும் போகிற பஸ்கள் நின்று போகும் அந்தச் சின்ன நிலையத்தில் பெண்களுக்கென்று கழிப்பறை கிடையாது. தறிக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், கைக்குழந்தைக்காரிகள் என்று எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். "கழிப்பறை கட்டாமல் ஓட்டுக் கேட்டு மறுபடி வர மாட்டேன்" என்று வீடு வீடாகச் சொல்லித்தான் ரஞ்சிதா பேரூராட்சி உறுப்பினராக ஜெயித்தாள். சொன்னபடியே அலைந்து நிதியும் வாங்கிவிட்டாள். இன்ஜினியர் வந்து இடத்தை அளந்து நான்கு மூலையிலும் கல் நட்டார். பூமி பூசை அன்று ஈசானிய மூலைக் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். மஞ்சள் பூசியது ரஞ்சிதாவின் கைதான்.

பூசை முடிந்த கையோடு ஒப்பந்தக்காரர் கட்டுப்படியாகாது என்று கழன்றுகொண்டார். மறு டெண்டர் இழுத்துக்கொண்டே போனது. நட்ட கல்லில் ஒன்று பஸ் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கப் போனது. ஒன்று டீக்கடைப் பலகையைத் தாங்கப் போனது. இன்னொன்று போன இடமே தெரியவில்லை. மஞ்சள் பூசிய கல்லை மட்டும் யாரும் தொடவில்லை. அதை எப்படித் தொடுவது?

ஒரு நாள் காலையில் வடக்கே ஆழ்துளைக் கிணறு போடக் கிளம்பிய ரிக் லாரி ஒன்று அந்தப் பக்கம் வந்தது. மஞ்சளும் குங்குமமுமாக ஒரு கல்லைப் பார்த்த டிரைவர், வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுப் போனார். போன இடத்தில் முதல் போர்வெல்லிலேயே தண்ணீர் பீய்ச்சி அடித்ததாம். செய்தி போனில் பறந்தது. அப்புறம் அந்த வழியாகப் போகிற ரிக் வண்டி ஒன்றுகூட நிற்காமல் போகவில்லை. ஒருவர் சூலம் நட்டார், ஒருவர் தகரக் கூரை போட்டார். பஸ் ஸ்டாண்டு முனியப்பன் என்று பெயரும் வந்துவிட்டது.

அதனால் பிழைத்தது பூக்காரி வெண்ணிலா. அதுவரை கூடையோடு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி, நிலையத்தைக் குத்தகைக்கு எடுத்தவரின் ஆளால் விரட்டப்பட்டவள், இப்போது கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூவும் சூடமும் எலுமிச்சம்பழமும் விற்றாள். தினமும் கல்லைக் கழுவிப் பூ வைப்பவளும் அவளே. ஆனாலும் எவன் எப்போது எழுப்பி விடுவானோ என்ற பயம் போகவில்லை. பூக்கடைக்கு உரிமம் கேட்டுப் பேரூராட்சியில் மனுக் கொடுத்திருந்தாள்.

வெண்ணிலா பகலில் தண்ணீரே குடிக்க மாட்டாள். குடித்தால் போக இடம் வேண்டுமே. ஒருமுறை வெயிலில் அவள் மயங்கிச் சரிந்தபோது ரஞ்சிதாதான் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தாள். "ரெண்டு தெரு தள்ளித்தான் எம்பட ஊடு. பின்கதவு தொறந்தே கெடக்கும். கேட்டுக்கிட்டு நிக்காத கண்ணு, நீபாட்டுக்கு வந்துட்டுப் போ" என்றாள். அன்று முதல் வெண்ணிலா மத்தியானத்தில் வந்து போவாள். போகும்போது பின்புறக் குழாயில் ஒரு முழம் முல்லையைச் சுற்றிவிட்டுப் போவாள். வேண்டாம் என்று ரஞ்சிதா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாயிற்று. குழாய் தினமும் பூ வைத்துக்கொண்டுதான் இருந்தது.

பிப்ரவரியில் பேரூராட்சிக் கூட்டம் கூடியது. செயல் அலுவலர் சத்யபிரியா எழுந்தார்.

"டெண்டர் ஒருவழியா முடிஞ்சாச்சு. மார்ச்சுக்குள்ள கழிப்பறை வேலைய ஆரம்பிக்கலைன்னா நிதி திரும்பிப் போயிரும். அடுத்த பொருள், அதே இடத்துல பூக்கடை உரிமம் கேட்டு ஒரு மனு. ஒரே இடத்துக்கு ரெண்டு தீர்மானம் போட முடியாதுங்க."

பேக்கரி வைத்திருக்கும் உறுப்பினர் காளியப்பன் துள்ளி எழுந்தார். கழிப்பறை வந்தால் அவர் கடைக்கு நேர் எதிரே வரும். "சாமி உக்காந்த எடத்துல கக்கூஸா? எந்த ஊரு ஞாயமுங்க இது?"

"அண்ணா, அது இன்ஜினியர் நட்ட கல்லுங்க. நீங்களுந்தான பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டீங்க?" என்றாள் ரஞ்சிதா.

"கல்லுன்னு எனக்குத் தெரியாதா அம்மிணி? கும்பிட்டாச்சில்ல! கும்பிட்டதுக்கப்புறம் கல்லுங்கற பேச்சு ஏது?"

அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ரஞ்சிதாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் போகிறாள்.

தலைவர் ஜெகதீஸ்வரனுக்கு இரண்டு ரிக் வண்டிகள் ஓடின. அவர் தலையைச் சொறிந்தார். "எடுக்கச் சொன்னது நான்னு தெரிஞ்சா எம்பட வண்டியில ஒரு டிரைவர் ஏற மாட்டான். வேற எடம் பாக்கலாமா?"

நிலையத்துக்குள் வேறு காலி இடம் இல்லை. வெளியே என்றால் எவர் வாசலுக்குப் பக்கத்தில் என்று சண்டை. கடைசியில் மூத்த உறுப்பினர் முத்தாயம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வாய் திறந்தார்.

"ஏனுங், கல்யாணத்துக்குக் கேக்கறோம், கெணறு வெட்டக் கேக்கறோம். இதுக்கும் அந்தச் சாமிகிட்டயே பூ கேட்டுப் போடலாமுங்க."

வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் தனித்தனிப் பொட்டணமாக மடித்துச் சாமி முன்னால் வைப்பார்கள். விவரம் அறியாத குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் மறுப்பு. அந்தப் பக்கத்தில் பூவின் சொல்லுக்கு அப்பீல் கிடையாது.

"இத மினிட்டுப் புத்தகத்துல எப்படிங்க எழுதறது?" என்று சத்யபிரியா திகைத்தார்.

"'சம்பந்தப்பட்டவரின் கருத்து கேட்கப்பட்டது'ன்னு எழுதுங்க மேடம்" என்றார் தலைவர்.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவன் காளிதாஸ் சிரித்தான். "ரெண்டு பொட்டணத்துலயும் வெள்ளையவே வெச்சுரு. வேல முடிஞ்சுது."

"சாமிகிட்டயே கள்ள ஓட்டா?" என்று அதட்டினாள் ரஞ்சிதா. அதட்டினாளே தவிர, அந்த யோசனை அவளை விட்டுப் போகவில்லை. சிவப்பு வந்துவிட்டால்? பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களின் முகத்தில் எப்படி விழிப்பாள்? விளக்கேற்றிக் கும்பிட்டபோது வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. 'சாமி, என் கையை அந்தப் பூவிடம் போக விடாதே' என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை நிலையம் திருவிழாப்போல் நிறைந்துவிட்டது. மாரியம்மன் கோயில் பூசாரி மருதாசலம் வந்திருந்தார். "பொட்டணம் மடிக்கறது உறுப்பினருங்க ஆரும் வேண்டாம். பொதுவா ஒருத்தர் மடிக்கட்டும்" என்றார்.

"வெண்ணிலாவே மடிக்கட்டும்!" என்றார் காளியப்பன் உடனே. "தெனமும் பூவெச்சுக் கும்பிடறவ அவதான?"

அவர் கணக்கு எல்லோருக்கும் புரிந்தது. தன் பிழைப்பைத் தானே கெடுத்துக்கொள்வாளா? காளிதாஸ் மனைவியின் காதில் முணுமுணுத்தான். "போச்சு. ரெண்டும் செவப்பாத்தான் இருக்கும். முடியாதுன்னு சொல்லு."

கூட்டம் ரஞ்சிதாவைப் பார்த்தது. ரஞ்சிதா வெண்ணிலாவைப் பார்த்தாள். குழாயில் சுற்றியிருக்கும் முல்லைதான் நினைவுக்கு வந்தது.

"வெண்ணிலாவே மடிக்கட்டுமுங்க" என்றாள்.

வெண்ணிலா கூடையிலிருந்து அரளியை எடுத்தாள். பிறகு திரும்பி, முந்தானைக்குள் வைத்து, பூவரச இலையில் இரண்டு பொட்டணம் மடித்து நூல் சுற்றிக் கல்லின் முன்னால் வைத்தாள். சூடம் எரிந்தது. ஆட்டையாம்பட்டி பஸ்ஸுக்கு அம்மாவோடு நின்ற ஒரு சின்னப் பெண்ணை அழைத்து, "ஒண்ண எடு சாமி" என்றார் பூசாரி. அவள் இரண்டையும் எடுக்கப் போய், எல்லோரும் ஐயையோ என்று கத்தியதில் பயந்து, ஒன்றைப் போட்டுவிட்டு ஒன்றை நீட்டினாள்.

பூசாரி பிரித்தார். வெள்ளை அரளி.

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த குலவைச் சத்தத்தில் புறப்பட இருந்த பஸ்கூட நின்றுவிட்டது.

"இருங்க இருங்க, அந்த இன்னொண்ணையும் பிரிங்க!" என்று காளியப்பன் கை நீட்டினார். வெண்ணிலா மேல் இருந்த நம்பிக்கை இப்போது சந்தேகமாக மாறிவிட்டது. பூசாரி அதையும் பிரித்துக் காட்டினார். சிவப்பு அரளி, இதழ் கசங்காமல் இருந்தது.

காளியப்பன் நீட்டிய கையைக் குவித்துக் கும்பிட்டார்.

சாமி சம்மதித்துவிட்டது. ஆனால் கல்லை யார் எடுப்பது? கடப்பாரை கையோடு வந்த ஆள் பின்னால் நகர்ந்தான். தலைவர் பூசாரியைப் பார்த்தார்.

"நான் மாரியம்மனுக்குத்தானுங்க பூசாரி. இது வேற டிபார்ட்மெண்டு" என்று மருதாசலம் கையைக் கட்டிக்கொண்டார்.

அப்போது வெண்ணிலா முன்னால் வந்தாள். கல்லின் அருகில் குனிந்து, பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் கால் பரப்பி உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோலவே சொன்னாள்.

"சாமி, சித்த தள்ளி உக்காருங்க. பொம்பளைங்க ரொம்ப நேரமா நின்னுட்டிருக்காங்க."

நிலையமே சிரித்துவிட்டது. தினமும் கேட்கிற வாசகம்தானே! அந்தச் சிரிப்பில் பயம் போய்விட்டது. ரஞ்சிதா மறுபக்கம் பிடித்தாள். இருவரும் அசைக்க, ஆடிய பல் விழுவதுபோல் கல் பெயர்ந்து வந்துவிட்டது.

தூக்கியாயிற்று, எங்கே வைப்பது? அதை ஒருவரும் யோசித்திருக்கவில்லை. கல்லோடு இரண்டு பெண்களும் நடுவில் நின்றபோது காளியப்பன் தொண்டையைச் செருமினார்.

"வண்டி வெளிய திரும்பற மூலையில, எம்பட பேக்கரிக்குப் பக்கமா, பஞ்சாயத்து எடம் கொஞ்சம் கெடக்குதுங்க. சாமி அங்க இருக்கட்டும். வெண்ணிலாவும் அங்கயே கடை போட்டுக்கட்டும். வெயிலுக்கு எம்பட தகரத்த நீட்டி உட்டுர்றேன்." எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு கூச்சத்தோடு சேர்த்துக்கொண்டார். "தேங்கா ஒடைக்க வர்றவன் ஒரு டீ குடிக்காமயா போயிருவான்?"

அந்த வாரமே அவசரக் கூட்டம் கூடியது. பூக்கடை உரிமத்தைச் சத்யபிரியா படித்து முடிப்பதற்கு முன்பே எல்லாக் கையும் மேலே இருந்தது. முதலில் உயர்ந்தது காளியப்பனின் கை.

உரிமத்தை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்த ரஞ்சிதா, மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டாள். "செவப்பு வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"சாமி சொன்னதுன்னு அங்கயே உக்காந்திருப்பேன். உங்க ஊட்டுக் கொழாய்க்குத் தெனமும் வந்திருப்பேன்" என்று சிரித்தாள் வெண்ணிலா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டும் செவப்பா மடிக்கலாம்னு நெனப்பு வந்துச்சுங்கக்கா. பொய் சொல்லக் கூடாது. ஆனா அத்தன பேருக்கு முன்னால என்ன நம்பி 'அவளே மடிக்கட்டும்'னு சொல்லிப்போட்டீங்களே, அப்புறம் எப்படிங்கக்கா கை வரும்?"

தன் கையைத் தடுக்கும்படிதான் அன்று ரஞ்சிதா வேண்டிக்கொண்டிருந்தாள். சாமி இரண்டு பேர் கையையும் தடுத்திருக்கிறது. ஒருவர் மேல் வைக்கிற நம்பிக்கையும் ஒரு பூசைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மார்ச் முடிவதற்குள் அடித்தளம் போட்டு, ஆடி நோம்பிப் பண்டிகைக்கு முன்னால் கழிப்பறை திறந்தார்கள். இன்ஜினியர் இப்போதெல்லாம் மஞ்சள் டப்பாவைக் கண்டாலே ஓடுகிறார்.

இப்போதும் ஈரோட்டிலிருந்து வருகிற பஸ்ஸில் இறங்கும் யாராவது ஒரு பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தயக்கத்தோடு பூக்கடைக்கு வந்து கேட்பாள். வெண்ணிலா பக்கத்துச் சொம்புத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, பூக்கட்டும் கையை நிறுத்தாமல் தலையால் காட்டுவாள்.

"அதா, அங்க போ கண்ணு. முனியப்பன் எந்திரிச்சுக் குடுத்த எடம்."