ஒரு நாற்காலி மதிப்புள்ள குதிரை

அந்தக் குடியிருப்பில் தனியாக வசிப்பவர்களுக்கு ஆளுக்கொரு குதிரை வந்தது. யார் அனுப்பினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் லாரியை யார் அனுப்புகிறார்கள் என்றும் அங்கே யாரும் கேட்டதில்லை.

அம்சவேணிக்கு வியாழக்கிழமை வந்தது. சைதாப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. வேலை முடிந்து மூன்றாவது மாடிக்கு ஏறிக் கதவைத் திறந்தாள். கூடத்தில் குதிரை நின்றிருந்தது. செம்பழுப்பு நிறம். கால்கள் நீளமாக, மெலிவாக இருந்தன. மின்விசிறி இடிக்காதபடி கழுத்தைத் தாழ்த்தி வைத்திருந்தது.

"வாங்க" என்றாள். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்கிற வார்த்தை. சொல்லிப் பல வருடம் ஆகியிருந்தது. அப்படிச் சொல்லிவிட்ட பிறகு அதை நீ என்று கூப்பிட வாய் வரவில்லை.

எதிர் வீட்டுப் பத்மாசனி டீச்சருக்கு முந்தின நாளே வந்துவிட்டது. அவருக்குப் போலீஸ் குதிரை. மாடிப்படியில் அதைக் கண்டவர்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். கீழ் வீட்டுக்காரருக்கு மாப்பிள்ளை ஊர்வலக் குதிரை. அது வந்ததிலிருந்து அவர் பட்டு வேட்டியில்தான் காய்கறி வாங்கப் போனார். இரண்டாவது மாடியில் கடற்கரையில் சவாரி போன குதிரை. உழைத்துச் சாப்பிட்ட ஜீவன் என்று எல்லோருக்கும் அதன்மேல் பிரியம்.

டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"அம்சா, இது ரேஸ் குதிரை மாதிரி இருக்கே."

"அப்படியா டீச்சர்?"

"காலைப் பாரு." குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் சொல்லிக்காத."

மறுநாள் காலைக்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவள் வீட்டைத் தாண்டிப் போகிற பெண்கள் தாலியைப் புடவைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். குதிரை தாலியைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகத் தூரத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்சவேணி கொள்ளு ஊறவைத்தாள். குதிரை நிதானமாகத் தின்றது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் மட்டும் அதன் உடம்பு விறைக்கும். ஓடத் தயாராகும். ஓட இடமில்லை. கொஞ்ச நேரம் நடுங்கிவிட்டு நின்றுகொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை, கடையில் கண் பார்க்கிற எழுத்துப் பலகையைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினாள். குதிரை எழுத்துகளைப் பார்க்கவில்லை. பலகைக்கும் சுவருக்கும் பின்னால் எங்கேயோ பார்த்தது.

"உங்களுக்குத் தூரப்பார்வை நல்லா இருக்கு" என்றாள்.

அது ஒரு காதைத் திருப்பியது. அன்று அவள் இரண்டு பேருக்குக் காபி போட்டாள். இரண்டையும் அவளே குடித்தாள்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வரதராஜுலு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"ரேஸ் குதிரையெல்லாம் இங்க வச்சுக்கக் கூடாதும்மா. குடும்பங்க இருக்கற எடம்."

"அது யாரையும் ஒண்ணும் பண்ணலை சார்."

"எங்கப்பா இதுங்களை நம்பித்தான் வீட்டைத் தோத்தாரு. திருவல்லிக்கேணியில. கிணத்தோட வீடு."

"இதுக்கு நாலு வயசுதான் சார் இருக்கும்."

"வயசைப் பத்தி நான் பேசலை."

பேசிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். குனிந்து குதிரையின் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"என்ன சார் தேடறீங்க?"

"கிணறு தெரியுதான்னு பாத்தேன்."

தெரியவில்லை போலிருந்தது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கூட்டிட்டுப் போய் மதிப்புப் போட்டுட்டு வாங்க. மதிப்பு இருந்தா வச்சுக்கலாம். எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்லை."

மதிப்புப் போடும் அலுவலகம் பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருந்தது. அதிகாரியின் அறை வராந்தாவின் கோடியில். வெளியிலிருந்து பார்த்தால் எட்டிப் பிடிக்கிற தூரம்தான். குதிரை உள்ளே கால் வைத்ததும் வராந்தா நீளத் தொடங்கியது. அவர்கள் நடக்க நடக்க அறை பின்னால் போனது.

"குதிரையைக் கண்டா அப்படித்தாம்மா நீளும்" என்றான் பியூன். "கயித்தைக் கெட்டியாப் புடிங்க."

அம்சவேணி பிடித்துக்கொண்டாள். கயிற்றின் மறுமுனையில் அது எவ்வளவு பலமாக இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. உள்ளங்கை எரிந்தது. இருந்தாலும் அது அவளை இழுத்துக்கொண்டு ஓடவில்லை. அவளுக்காக மெதுவாக நடந்தது.

அதிகாரி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஓடுமா?"

"ஓடும் சார்."

"ஜெயிச்சிருக்கா?"

"தெரியலை."

"ஜெயிச்சிருந்தா குட்டிக்குன்னு பண்ணையில வச்சிருப்பாங்க. உங்க வீட்டுக்கு ஏன் வருது?"

அவள் கயிற்றை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"வண்டி இழுக்குமா?"

"பழக்கமில்லை."

"ஊர்வலத்துல நிக்குமா?"

"சத்தம் கேட்டா நடுங்கும்."

"வேற என்னதாம்மா செய்யும்?"

அம்சவேணி யோசித்தாள். "தூரமாப் பாக்கும்."

அதிகாரி டிபன் டப்பாவை மூடினார். கை கழுவிவிட்டு வந்து குதிரையை ஒரு சுற்றுச் சுற்றினார். "நாலு கால் இருக்கு. முதுகு இருக்கு. ஒரு நாற்காலின்னு வச்சுக்கலாம்."

"உயிர் இருக்கு சார்."

"அதுக்கு மதிப்புக் கிடையாது."

அவள் வீடு திரும்புவதற்குள் சேதி வந்து சேர்ந்திருந்தது. குடியிருப்பு நிம்மதியாக மூச்சு விட்டது. நாற்காலியால் யார் குடும்பமும் கெட்டதில்லை. சாயங்காலமே பத்மாசனி டீச்சர் ஒரு தட்டில் முறுக்கோடு வந்தார். ஸ்டூலில் ஏறி, குதிரையின் முதுகில் உட்கார்ந்தார்.

"சௌகரியமாத்தான் இருக்கு அம்சா."

மறுநாள் பக்கத்து வீட்டார் வந்தார்கள். அடுத்த நாள் கீழ் வீட்டுக்காரர் பட்டு வேட்டியோடு வந்தார். முறை வைத்து ஏறி உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் நின்றபடி பேசினார்கள். விலைவாசி பேசினார்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். அம்சவேணி எல்லோருக்கும் காபி போட்டாள். ஒருநாள் கூடத்தில் யாரோ பலமாகச் சிரித்தார்கள். யாரென்று திரும்பிப் பார்த்தாள். சிரித்தது அவள்தான்.

வரதராஜுலுதான் அதிக நேரம் உட்கார்ந்தார். ஏறினால் இறங்கவே மாட்டார்.

"அப்பா தோத்த வீட்டுல உக்காந்திருக்கற மாதிரி இருக்கும்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. அவள் அவருக்கு இரண்டாவது காபி கொடுத்தாள்.

குதிரை அசையாமல் நின்றது. காது திரும்புவது நின்றுபோனது. குக்கர் விசிலுக்கு நடுங்குவதும் நின்றது. ஒரு காலையில் கொள்ளு அப்படியே இருந்தது. அம்சவேணி அதன் முதுகைத் தடவினாள். ரோமம் கைக்குத் தட்டுப்படவில்லை. வார்னிஷ் பூசியதுபோல் வழவழவென்று இருந்தது. முகத்தருகே போய்ப் பார்த்தாள். அது ஜன்னலைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுவரோடு பார்வை முடிந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டாள். ஆட்கள் வரும் நேரமாகியிருந்தது.

எல்லோரும் வந்தார்கள். வரதராஜுலு மேலே ஏறி உட்கார்ந்தார். டீச்சர் மருமகளைப் பற்றி ஆரம்பித்தார்.

"எறங்குங்க" என்றாள் அம்சவேணி.

"யாரைச் சொல்ற அம்சா?"

"சாரைத்தான். இனிமே இதுல யாரும் உக்கார வேண்டாம்."

வரதராஜுலு மேலிருந்தபடி அவளைப் பார்த்தார். "அப்ப நான் எங்கம்மா உக்கார்றது?"

"உங்க வீட்டுல."

அவர் மெதுவாக இறங்கினார். ஸ்டூலுக்குக் கால் எட்டாமல் தடுமாறியபோது அவள் கை கொடுத்தாள்.

"அப்புறம் இங்க ஒருத்தரும் வரமாட்டாங்கம்மா" என்றார். மிரட்டுவதுபோல் சொல்லவில்லை. கவலையாகத்தான் சொன்னார்.

"தெரியும் சார்."

அவள் குதிரையை வெளியே நடத்திக்கொண்டு போனாள். அது நடந்தபோது குளம்பில் மரச்சத்தம் கேட்டது. வீடுகளுக்கு முன்னால் இருந்த நடைபாதை லிப்டிலிருந்து படிக்கட்டு வரைக்கும்தான். அதற்குமேல் சுவர். குதிரை நின்றது. நடைபாதை நீளவில்லை. எல்லோரும் வாசல்களில் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

"நாற்காலி ஓடுமா அம்சா?" என்று டீச்சர் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அம்சவேணி கயிற்றை அவிழ்த்தாள். யாரை வழியனுப்பினாலும் போயிட்டு வாங்க என்பது அவள் வழக்கம். அதன் காதருகே வாயை வைத்து, "போங்க" என்று மட்டும் சொன்னாள்.

காது திரும்பியது.

படிக்கட்டுக்கு அப்பால் இருந்த சுவர் கொஞ்சம் பின்னால் போனது. இன்னும் கொஞ்சம் போனது. குதிரையின் தோல் ஒருமுறை சிலிர்த்தது. வியர்வை நாற்றம் வந்தது. பிறகு அது ஓடியது. அவள் இதுவரை எதுவும் அப்படி ஓடிப் பார்த்ததில்லை. நான்கு கால்களும் தரையில் படாத ஒரு கணம் திரும்பத் திரும்ப வந்தது.

வரதராஜுலு கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "வா, வா, வா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவருக்கே அது தெரியவில்லை.

"எத்தனாவதா வருது?"

"அது ஒண்ணுதான் சார் ஓடுது."

"அப்ப ஃபர்ஸ்ட்டா, கடைசியா?"

அவர் யோசித்துக்கொண்டே தன் வீட்டுக்குப் போனார். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. டீச்சரின் கதவுதான் கடைசி.

அவள் நடக்கத் தொடங்கினாள். படிக்கட்டைத் தாண்டினாள், சுவர் இருந்த இடத்தைத் தாண்டினாள். இரண்டு பக்கமும் புதிதாகக் கதவுகள் வந்தன. அவற்றில் அவளுக்குத் தெரியாத பெயர்கள் இருந்தன. பிறகு பெயரில்லாத கதவுகள் வந்தன. பிறகு கதவுகள் வரவில்லை. குளம்படிச் சத்தம் முன்னால் கேட்டுக்கொண்டிருந்தது. அது நெருங்கவுமில்லை, நிற்கவுமில்லை. அவள் கூப்பிடவுமில்லை.

ஓரிடத்தில் சிமெண்டுத் தரை முடிந்து புல் ஆரம்பித்தது. அம்சவேணி செருப்பைக் கழற்றினாள். யார் வீட்டு வாசலும் இல்லாத அந்த இடத்தில் ஜோடியாகச் சேர்த்து வைத்தாள். பிறகு புல்லில் கால் வைத்தாள். ஈரமாக இருந்தது.