அறுபதாயிரம் என்று யார் சொன்னது?

1

இந்தக் கதை ஒரு சாப்பாட்டு வரிசையில் தொடங்கியது. ஜெர்மனியில் டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம், யாருக்கோ ஐம்பதாவது பிறந்தநாள், கையில் தட்டோடு நான். எனக்கு முன்னால் நின்ற சோதிலிங்கம் அண்ணையிடம் ஒருவர் கேட்டார்.

"மகன் ஐஸ் ஹொக்கி விளையாடுறாராம். என்ன குடுக்கிறாங்கள்?"

அண்ணை கத்தரிக்காய்க் கறியை அள்ளியபடி, "ஒரு நாப்பதாயிரம் வரும்" என்றார்.*

(* கத்தரிக்காய்க் கறி உண்மை. மற்றவற்றுக்கு நான் பொறுப்பில்லை.)

அந்த விளையாட்டைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் வீட்டுக்கு வந்து முதல் வரியை எழுதினேன்: "வெண்பனித் தளத்தில் ஓர் ஈழத்து வாலிபன் மின்னலாகப் பாய்ந்து—"

இல்லை. அண்ணையின் மகன் அனுஜன் மின்னல் இல்லை. இருபத்தொரு வயது, அகன்ற தோள், தடுப்பாட்டக்காரன். பாய்ந்து வருகிறவனுக்குக் குறுக்கே போய் நிற்பதுதான் அவன் வேலை. இந்தப் பருவத்தில் அவன் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இப்படி ஒருவனை வைத்துக் கதை எழுதுவது கஷ்டம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2

ஆகவே தகப்பனிடமிருந்து தொடங்குகிறேன். சோதிலிங்கம் சவர்லாண்ட் மலைப்பக்கத்துச் சிறு நகரம் ஒன்றின் வீதிப் பிரிவில் வேலை செய்கிறார். குளிர்காலத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு லொறியை எடுத்துக்கொண்டு போய் றோட்டில் உப்புத் தூவுவார். ஒவ்வொரு மார்ச் மாதமும் நகரசபையில் யாராவது ஒருவர் எழும்பி, இந்த வருடமும் உப்புக்கு அநியாயச் செலவு என்பார். யாரும் விழவில்லையே, பிறகு எதற்கு இவ்வளவு உப்பு? யாரும் விழாததற்குக் காரணமே அந்த உப்புதான் என்று எப்படி விளக்குவது என்று இருபத்தாறு வருடமாக அவருக்குத் தெரியவில்லை.

அதனால்தான் மகனின் ஆட்டம் அவருக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. மற்றவர்கள் கோலைப் பார்க்கிறார்கள். அவர் நடக்காமல் போன கோலைப் பார்க்கிறார். வீட்டுத்தளத்தில் ஆட்டம் என்றால், உப்புத் தூவும் வீதிகளின் பழைய பட்டியல் தாள் ஒன்றை மடித்து எடுத்துப் போவார். மகன் பந்தை மறிக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் பின்பக்கத்தில் ஒரு கோடு போடுவார்.

(பந்து இல்லை, பக். தட்டையான கறுப்பு இறப்பர் வில்லை. அண்ணை பந்து என்றுதான் சொல்கிறார், நானும் விட்டுவிடுகிறேன்.)

3

நாற்பதாயிரம் எப்படி வந்தது?

அனுஜனின் கழகம் மூன்றாம் அடுக்கில் விளையாடுகிறது. ஒரே ஒரு பருவத்துக்கான ஒப்பந்தம்: செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, மாதம் இரண்டாயிரத்து நானூறு ஐரோ. எட்டு மாதத்துக்குப் பத்தொன்பதாயிரத்து இருநூறு. அவ்வளவுதான். மே மாதத்திலிருந்து அவன் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் சப்பாத்து விற்க வேண்டும்.

சோதிலிங்கம் மாதச் சம்பளக்காரர். அவருடைய உலகில் வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம். பன்னிரண்டால் பெருக்கினார். கழகம் கொடுத்த அறை வாடகையைச் சேர்த்தார். சப்பாத்து, மட்டை, தலைக்கவசம் எல்லாவற்றுக்கும் கடை விலை பார்த்துச் சேர்த்தார். முப்பத்தெட்டுச் சொச்சம் வந்தது. மண்டபத்தில் யார் சொச்சம் சொல்வார்கள்?

இதைப் பொய் என்று எழுதினேன். பிறகு அழித்தேன். பிள்ளையின் சம்பளத்தைக் குறைத்துச் சொன்ன ஒரு தகப்பனை எங்கள் மண்டபங்களில் நான் இன்னும் சந்திக்கவில்லை.

4

இரண்டு கிழமை கழித்து ரசிகர்களின் இணையப் பக்கத்தில் ஒரு கேள்வி வந்தது: "கோல் அடிக்காத பையனுக்கு அறுபதாயிரமா?" கீழே நூற்றுச் சொச்சம் பதில்கள். குறுகிய ஒப்பந்தம் என்றாலும் விலை அதிகம், அந்தக் காசுக்கு அனுபவமுள்ள ஒருவனை எடுத்திருக்கலாம், மார்ச்சில் ஒப்பந்தத்தை நீட்டவே கூடாது.

அடுத்த சனிக்கிழமை அனுஜன் பந்தைத் தொட்ட போதெல்லாம் விசில் அடித்தார்கள். பாராட்டும் விசில் அல்ல. சோதிலிங்கம் அவர்கள் நடுவில் நின்று கோடு போட்டார். சில கோடுகள் கோணலாக விழுந்தன. நாற்பது தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். மிச்ச இருபது எங்கிருந்து வந்தது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

அவருடைய மனைவி ஜெயமலருக்கு இந்தக் கதையில் நான் இடமே வைத்திருக்கவில்லை. அவர் தானாக உள்ளே வந்தார்.

"இஞ்சாருங்கோ, உண்மையான தொகையை அதில எழுதி விடுங்கோவன். பிள்ளைக்கு விசில் அடிக்கிறதைக் கேட்டுக்கொண்டு இருக்க ஏலாது."

சோதிலிங்கம் எழுதினார். தனக்குத் தெரிந்த ஜெர்மனில், சொந்தப் பெயரில்: "நான் அவனுடைய தகப்பன். தொகையைக் கூட்டிச் சொன்னது நான். உண்மையில்—"

அந்த வசனம் இன்னும் அப்படியே அவருடைய ஃபோனில் கிடக்கிறது. உண்மையை எழுதினால் விசில் நிற்கும். ஆனால் மாதம் இரண்டாயிரத்து நானூறு, அதுவும் எட்டு மாதம்தான் என்று மண்டபம் முழுக்கத் தெரிந்துவிடும். மகன் கோடையில் சப்பாத்து விற்பதும் தெரிந்துவிடும்.

5

இனி நான் மறைக்க முடியாது.

அன்று வரிசையில் நாற்பது என்று காதில் விழுந்ததும், பாயாச மேசைக்குப் போய், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னேன்: "சோதியண்ணையின்ர மகனுக்கு அறுபதாயிரமாம்." ஏன் கூட்டினேன்? எங்கள் பிள்ளை ஒன்று பனிக்கட்டியில் நிற்கிறது என்ற சந்தோசம். எழுதுகிறவளின் கை வேறு, எதையும் இருந்தபடி விடாது. அந்தப் பெண்ணின் மகன் அஷ்வத், அந்தக் கழகத்தின் தீவிர ரசிகன். இணையத்தில் போட்டது அவன்.

அந்த இருபதாயிரம் என்னுடையது. இந்தக் கதையே அதற்காகத்தான் எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

6

மார்ச்சில் கழக அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திப்பு. ஒப்பந்தத்தை நீட்டுவார்களா, விடுவார்களா என்பது அன்று முடிவாகும். அனுஜனுக்கு முகவர் இல்லை. "நீங்கள் வாங்கோ அப்பா" என்றான். காரில் வைத்துச் சோதிலிங்கம் சொல்லிவிட்டார்.

"தம்பி, அந்தக் கதை என்னாலதான் துவங்கினது. நாப்பது எண்டு நான்தான் சொன்னனான்."

"தெரியும்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. மட்டையையும் கணக்கில சேர்க்கிற ஆள் வேற ஆர்?"

சோதிலிங்கம் காரின் வேகத்தைக் குறைத்தார். "உண்மையை எழுதி விடட்டே?"

"வேண்டாம் அப்பா. இப்ப விசில் அடிக்கிறாங்கள். பத்தொன்பது எண்டு தெரிஞ்சா பாவம் எண்டு கைதட்டுவாங்கள். விசில் பரவாயில்லை."

இந்த இடத்தில் என் கண் கலங்கியது. அழகாக ஏதாவது எழுதலாம் என்று பார்த்தேன், வரவில்லை.

7

அலுவலகத்தில் மனேஜர் ஒரு பெண். நேராகவே சொன்னார்: உங்கள் விலை அதிகம் என்று ரசிகர்கள் நினைக்கிறார்கள், உண்மைத் தொகை எனக்குத் தெரியும், ஆனால் கோல் இல்லாத ஆளை நீட்டுவதற்கு நான் நிர்வாகத்திடம் ஒரு காரணம் சொல்ல வேண்டும். அடுத்த பருவத்துக்கு என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

அனுஜன் தகப்பனைத் திரும்பிப் பார்த்தான். எட்டு வயதில் அலுவலகம் அலுவலகமாக அவருக்கு மொழிபெயர்க்கப் போனபோதும், அதிகாரி கேள்வி கேட்டவுடன் இப்படித்தான் திரும்புவான்.

முடிவு அ: சோதிலிங்கம் பழைய தொகையையே கேட்கிறார். (கோழைத்தனம். என்னுடையது, அவருடையது அல்ல.)

முடிவு ஆ: அறுபது என்கிறார், மனேஜர் சிரித்துக்கொண்டே— (இல்லை. மறுபடியும் என் கை நீள்கிறது.)

நடந்தது இது. சோதிலிங்கம் சட்டையின் உள்பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து மேசையில் விரித்தார். ஒரு பக்கம் உப்புத் தூவிய வீதிகளின் பெயர்கள். மறுபக்கம் கோடுகள், ஐந்தைந்தாகக் கட்டியவை, சில கோணல்.

"இவன் மறிச்சது," என்றார் ஜெர்மனில். "இங்க விளையாடினது மட்டும். நூற்று முப்பத்தேழு."

அவர் வாழ்க்கையில் கூட்டாமல் சொன்ன ஒரே எண் அது. நூற்று நாற்பது என்றுகூடச் சொல்லவில்லை.

மனேஜர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார். அனுஜன் இவற்றை இதற்குமுன் பார்த்ததில்லை, அவனும் குனிந்து பார்க்கிறான். அடுத்து மனேஜர் ஒரு தொகை சொல்ல வேண்டும். அதை நான் எழுத மாட்டேன். இந்தக் குடும்பத்துக்கு நான் சொன்ன தொகை ஒன்று போதும்.

நீங்கள் சொல்லுங்கள். தாள்கள் உங்கள் முன்னால் கிடக்கின்றன, அண்ணை காத்திருக்கிறார். கோணல் கோடுகளையும் சேர்த்து எண்ணுங்கள்.